மூக்கு மெக்கானிக்

என் கணவர் கனிசியஸுக்குக் குருநகரில் ‘மூக்கு மெக்கானிக்’ என்று பெயர். மூக்கு பெரிதென்று நினைக்கவேண்டாம். சாதாரண மூக்குத்தான், கொஞ்சம் சப்பையும்கூட. சண்டைக் காலத்தில் பெற்றோல் போத்தல் கணக்கில் விற்றபோது மண்ணெண்ணெயைக் கலந்து ஏமாற்றுகிறவர்கள் இருந்தார்கள். வாங்குகிறவர்கள் போத்தலை முதலில் இவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். இவர் மூடியைத் திறந்து ஒருதரம் மோந்துவிட்டு, “கால்வாசி மண்ணெண்ணெய். திருப்பிக் குடு” என்பார். அவர் சொன்னால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

பூட்டிக் கிடந்த பாதை திறந்து பெற்றோல் தாராளமாக வந்த பிறகும் அந்த மூக்குக்கு மதிப்புக் குறையவில்லை. பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்கள் எல்லாம் இவரைத் தேடித்தான் வரும். கார் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பும்போதே புகையின் மணத்தை வைத்து அதன் வருத்தத்தைச் சொல்லிவிடுவார். எனக்குக் காய்ச்சல் வந்தால் மூன்றாம் நாள்தான் கண்டுபிடிப்பார். அது வேறு கதை.

இரண்டாயிரத்து இருபத்தொன்றில் எங்கள் இருவருக்கும் ஒரே கிழமையில் கொரோனா வந்தது. இருவருக்கும் மணம் போனது. இரண்டு மாதத்தில் எனக்குத் திரும்பி வந்துவிட்டது. “எனக்கும் வந்திட்டுது” என்றார் அவரும். நானும் நம்பினேன்.

ஒரு நாள் மீன்குழம்பை அடுப்பில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். கருகல் நாற்றம் அங்கே வரைக்கும் அடித்தது. விழுந்தடித்து ஓடிவந்தால், அடுப்புக்கு நாலடி தள்ளிக் கதிரையில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தி, “இண்டைக்குக் குழம்பு நல்ல மணமாக் கிடக்கு” என்றார்.

சிரிக்கவேண்டிய இடம்தான். எனக்கு நினைவு அவர் வேலை செய்கிற கொட்டிலுக்குப் போனது. கொட்டிலில் பெற்றோலும், சாமான் கழுவுகிற மண்ணெண்ணெயும் ஒரே மாதிரிக் கான்களில் இருக்கும். இரண்டையும் மோந்துதான் இவர் பிரித்தறிவார். பக்கத்திலேயே ஈயம் உருக்க நெருப்புக் கக்குகிற புளோ லாம்ப். அன்றைக்கே பெற்றோல் கான்களின் கழுத்தில் சிவப்புத் துணி கட்டிவிட்டேன். ஏன் கட்டினாய் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்டால் உடைந்துபோவார் என்று எனக்குப் பயம். வெளியே தெரிந்தால் ஒரு காரும் வராது என்று அவருக்குப் பயம். நாலு வருஷமாக அந்த இரண்டு பயமும் எங்கள் வீட்டில் வாடகை கொடுக்காமல் குடியிருந்தன.

போன பங்குனியில் ஒரு சனிக்கிழமை காலை, உடுவிலில் இருந்து ஐரிஸ் ரீச்சர் தன் மொறிஸ் மைனரை ஓட்டிக்கொண்டு வந்தார். எழுபத்திரண்டு வயது. ஞாயிறு தோறும் தன்னைவிட வயதான மூன்று பேரை ஏற்றிக்கொண்டு கோவிலுக்குப் போகிறவர். கார் நின்ற இடத்தில் கரும்புகை மண்டியது.

“கார் குடிகாரனாப் போச்சுது கனிசியஸ். ஊத்த ஊத்தக் காணாதாம். நாளைக்குக் கோவிலுக்குப் போகவேணும், இண்டைக்கே பாத்துத் தாரும்.”

கொட்டிலுக்கு எதிரே இருக்கிற குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். பிளக் ஒன்றைக் கழற்றினார். அடுப்புச் சட்டியின் அடி மாதிரிக் கரி பிடித்திருந்தது. “காத்துக் காணாது, பெற்றோல் கூடிப்போச்சு” என்றார். அதைக் கண்ணாலேயே சொல்லலாம். ஏன் கூடியது என்பதுதான் கேள்வி. பெற்றோலைக் கூட்டுகிற சோக்கைத் தள்ளி இழுத்துப் பார்த்தார், ஒழுங்காகத் திரும்பியது. காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டினார், சுத்தமாக இருந்தது. பெற்றோலும் காற்றும் கலக்கிற காபரேற்றரின் அடியில் இருக்கிற திருகை இரண்டு தரம் கொஞ்சங் கொஞ்சமாகத் திருப்பினார். கார் இருமியதே தவிரப் புகை நிற்கவில்லை.

பிறகு பழைய வழக்கப்படி காரின் பின்னால் போய்க் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு புகையை மோந்தார். ரீச்சர் தீர்ப்புக்காகக் காத்து நின்றார். மணக்காத மனிதர் மணப்பதுபோல் நடிப்பதை எட்ட நின்று பார்த்திருக்கிறீர்களா? கடவுளே, பார்க்கவேண்டாம்.

“உள்ளுக்கையும் பெற்றோல் மணக்குது கனிசியஸ்” என்றார் ரீச்சர்.

“ஓம் ரீச்சர், எனக்கும் மணக்குது.”

பொய். முன்னுக்கு வந்து, ஓடிக்கொண்டிருந்த எஞ்சினுக்கு மேலே முகத்தைக் கொண்டுபோய்க் குனிந்தார். அந்த நேரம்தான் குசினிக்குள் பச்சைப் பெற்றோல் மணம் குப்பென்று அடித்தது. இது புகையின் மணம் அல்ல, எங்கோ ஒழுகுகிற பெற்றோல். அந்தக் காரில் காபரேற்றருக்கு நேர் கீழேதான் புகைக்குழாய், கொதிக்கக் கொதிக்க இருக்கும். அவருடைய முகமோ இரண்டுக்கும் ஒரு சாண் மேலே.

“இஞ்சாருங்கோ, எஞ்சினை நிப்பாட்டுங்கோ! உங்களுக்குப் போன்!” என்று கத்தினேன். போனும் இல்லை, ஒன்றும் இல்லை. வாயில் வந்தது அதுதான்.

நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தார். காபரேற்றரின் பக்கக் கிண்ணத்திலிருந்து பெற்றோல் சொட்டுச் சொட்டாகக் குழாய்க்கு அருகில் விழுந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்தார். போன் யார் என்று கேட்கவில்லை.

கிண்ணத்தைத் திறந்து புளோட்டை வெளியே எடுத்தார். பித்தளையில் செய்த, மூடிய சின்ன உருளை அது. பெற்றோலில் மிதந்து, கிண்ணம் நிரம்பியதும் வழியை அடைக்கவேண்டியது. அதைக் காதடியில் வைத்து ஆட்டினார். உள்ளே ‘களக் களக்’ என்றது. எங்கோ ஊசிமுனை ஓட்டை. பெற்றோல் உள்ளே புகுந்து, மிதக்கவேண்டியது தாழ்ந்துபோய்விட்டது. அதுதான் அடைக்க ஆளில்லாமல் பெற்றோல் வழிந்திருக்கிறது. புதுப் புளோட் கொழும்பிலிருந்து வர ஒரு கிழமை செல்லும். ஈயம் வைத்து அடைக்கவேண்டியதுதான்.

சுடுதண்ணீர் கேட்டார். கொண்டுபோய்க் கொடுத்தேன். புளோட்டை அமிழ்த்தியதும் ஓரிடத்தில் குமிழி வந்தது. அந்த இடத்தைக் கீறி அடையாளம் வைத்தார். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு ஊசித் துளை போட்டு, உதறி, உள்ளே இருந்த பெற்றோலை வெளியே எடுத்தார். மிச்சம் ஆவியாகிப் போகட்டும் என்று திரும்பவும் சுடுதண்ணீரில் போட்டார். பிறகு துளையை மூக்கடியில் பிடித்து ஆழமாக மூச்சு இழுத்தார்.

“பெற்றோல் எல்லாம் போயிட்டுது, ரீச்சர். ஒண்டுமில்லை.”

புளோ லாம்பைப் பற்றவைத்து, ஈயம் ஒட்டுகிற செப்புக்கோலை நெருப்பில் காட்டினார். ‘புளோட்டுக்குள்ளை ஒரு சொட்டு நிண்டாலும் காணும், வெடி மாதிரி வெடிக்கும்’ என்று முப்பது வருஷமாக எனக்குச் சொன்னவரே இவர்தான். இப்படி வெடித்து ஒரு கண் போனவரின் பெயரும் ஊரும் சொல்லுவார். இப்போது அவர் கையில் இருக்கிற புளோட்டிலிருந்து பெற்றோல் மணம் ஐந்தடி தள்ளி நிற்கிற எனக்கு வருகிறது.

சொன்னால் ரீச்சருக்குத் தெரிந்துவிடும். ரீச்சருக்குத் தெரிந்தால் திங்கட்கிழமை உடுவில் முழுக்கத் தெரியும். இவருடைய பெயர், தொழில், நடை எல்லாம் போய்விடும். சொல்லாவிட்டால் முகமே போய்விடும். கோல் சிவந்துகொண்டு வந்தது. மாதாவே என்று வாயைத் திறந்தேன், வேறு வந்தது.

“ரீச்சர், இவருக்கு மணக்கிறேல்லை! நாலு வரியமா ஒண்டும் மணக்கிறேல்லை! அதுக்குள்ளை பெற்றோல் கிடக்கு!”

அவர் புளோ லாம்பை மெதுவாக அணைத்தார். என்னைப் பார்க்காமல், “உனக்கு எப்ப தெரியும்?” என்றார்.

“சிவப்புத் துணி கட்டின நாளிலையிருந்து.”

“நீ வடிவுக்குக் கட்டினதெண்டு நினைச்சன்” என்றார். அதுவும் பொய்தான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். “அப்ப இவ்வளவு காலமும் என்ரை காரை எதை வைச்சுத் திருத்தினனீர்?”

“கண்ணாலையும் காதாலையும். மிச்சம் பயத்தாலை, ரீச்சர்.”

ரீச்சர் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் எட்டத் தள்ளி வாசல் படலையடியில் போட்டு இருந்தார். “ரீச்சர், நீங்கள் ஒருக்கா மோந்து பாக்கிறியளோ?” என்று கேட்டேன். “ஐயோ பிள்ளை, என்ரை சொல்லைக் கேட்டு ஒருத்தர் நெருப்பு வைக்கிறதோ? ஏலாது” என்றார்.

கனிசியஸ் என்னிடம் புளோட்டை நீட்டினார்.

“மணக்குதோ, பார்.”

“ஓம், மணக்குது.”

புதிதாகத் தண்ணீர் கொதிக்கவைத்தேன். அமிழ்த்தி, உதறி, ஊதி, மறுபடி நீட்டினார். “கொஞ்சம் கிடக்கு” என்றேன். மூன்றாம் தரம் நீட்டியபோது எனக்கே விளங்கவில்லை. அவருடைய கையில் பெற்றோல், சட்டையில் பெற்றோல், என் மூக்குக்குள்ளும் அது குடியேறிவிட்டது. மணப்பது புளோட்டா, மனிதரா? ஒழுங்கை முடக்குவரை நடந்துபோய்க் கடற்காற்றை இழுத்து இழுத்து மூக்கைக் கழுவினேன். எத்தனையோ நாள், இந்த மனிதர் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லட்டும் என்று மாதாவுக்கு நேர்ந்திருக்கிறேன். உண்மை வெளியே வந்தால் பயம் தீரும் என்று நினைத்திருந்தேன். தீரவில்லை, முழுவதும் என் தலையில் வந்து விழுந்துவிட்டது.

திரும்பி வந்து புளோட்டை அவரிடம் கொடுக்காமல் நானே கையில் வைத்து மோந்தேன். சுடுதண்ணீரின் மணம், பித்தளையின் மணம். இன்னொருதரம் மோந்தேன்.

“இல்லை” என்றேன்.

“வடிவாத் தெரியுமோ?”

“இல்லை எண்டு சொல்லுறன்.”

அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. லாம்பைப் பற்றவைத்தார். கோலைக் காய்ச்சினார். ஈயத்தைத் தொட்டு, புளோட்டை இடுக்கியில் பிடித்துக்கொண்டு, “ஜெயனி, நீ தள்ளிப் போய் ரீச்சரோடை நில்” என்றார்.

நான் போகவில்லை. ‘இல்லை’ என்று சொன்னது என் வாய். அவருக்குப் பக்கத்தில் போய், தோளோடு தோள் முட்ட நின்று, என் முகத்தையும் அந்தப் புளோட்டுக்கு நேரே கொண்டுபோய்க் குனிந்தேன். அவர் ஒருதரம் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் கோலை வைத்தார்.