பின் சீட்டில் விட்ட போர்டிங் பாஸ்

இரண்டு வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. அப்போது நானும் என் ஒன்பது வயது மகளும் சென்னை நூம்பலில் ஒரு ஃப்ளாட்டில் குடியிருந்தோம். கணவருக்கு வெளிநாட்டில் வேலை. எனக்கு அம்பத்தூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில்.

என் மகள் ஆட்டிசம் உள்ள குழந்தை. கூட்டமும் இரைச்சலும் அவளுக்கு ஆகாது. அதற்கு முந்தைய வருடம் அவளை அப்பாவிடம் அழைத்துப் போகக் கிளம்பினேன். விமான நிலைய வரிசையிலேயே காதைப் பொத்திக்கொண்டு தரையில் படுத்து அலறிவிட்டாள். சுற்றி நின்றவர்கள் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கே திரும்பி வந்தோம். ஒன்றரை வருடமாக அவள் அப்பா அவளைப் போனில்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபீசில் ஒருவர்தான் சொன்னார். ஒவ்வொரு பயணத்துக்கும் பாயின்ட் ஏறுமாம், போதுமான அளவு சேர்ந்தால் விமானக் கம்பெனி கோல்டு கார்டு தருமாம். அது இருந்தால் நீள வரிசை கிடையாது, அமைதியான லவுஞ்சில் உட்காரலாம், கூட ஒருவரை அழைத்துப் போகலாம். முதல் ஆளாக விமானத்தில் ஏறலாம். எனக்கு வேறென்ன வேண்டும்?

வேலை விஷயமாக ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் நான் வெளிநாடு போய் வருவேன். அந்த நாட்களில் அக்கா வந்து மகளைப் பார்த்துக்கொள்வாள். ஆபீசில் எடுத்துத் தரும் டிக்கெட் ஒரு கம்பெனியுடையது, பறக்கும் விமானம் அதன் கூட்டாளிக் கம்பெனியுடையது. கோட்ஷேர் என்பார்கள். எதில் பறந்தாலும் பாயின்ட் உங்களுக்கு வந்துவிடும் என்றார்கள். நம்பி உறுப்பினராகச் சேர்ந்து நாலு முறை போய் வந்தேன். ஒவ்வொரு முறையும் தூங்கும் மகளைப் பார்த்து, உனக்காகத்தான் போகிறேன் என்று மனதுக்குள் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன்.

நாலாவது பயணம் முடிந்து என் பாயின்ட் கணக்கைத் திறந்து பார்த்தால், ஒரு பாயின்ட் கூட ஏறவில்லை.

கஸ்டமர் கேரில் கேட்டேன். தப்பு என்னுடையதுதான். உறுப்பினர் படிவத்தில் வழக்கம்போல இனிஷியலும் பெயரும் எழுதியிருந்தேன். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து என் அப்பாவின் முழுப் பெயர் இருந்தது. நம் ஊரில் யாருக்கும் இது புரியும். கூட்டாளிக் கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு மட்டும் அந்த இரண்டு பெயரும் வேறு வேறு ஆட்கள். பெயரைத் திருத்திவிடலாம், ஆனால் பறந்ததற்கு ஒவ்வொரு போர்டிங் பாஸையும் படமெடுத்து அனுப்ப வேண்டும் என்றார்கள். மகளின் பள்ளி விடுமுறைக்கு ஒரு மாதம்தான் இருந்தது.

கடைசிப் பயணத்தினுடையது என் கைப்பையில் இருந்தது. மற்ற மூன்று? எனக்கு ஒரு கெட்ட பழக்கம். ஊர் திரும்பியதும் காரின் பின் சீட்டில் உட்கார்ந்து கைப்பையைச் சுத்தம் செய்வேன். சாக்லேட் தாள், பில், போர்டிங் பாஸ் எல்லாவற்றையும் முன் சீட்டின் பின்புறப் பையில் திணித்துவிட்டு இறங்கிவிடுவேன். அந்த மூன்று முறையும் வந்தது பாடியைச் சேர்ந்த ஒரு டிரைவர். சொந்தக் கார் வைத்திருந்தார்.

நாலாவது முறை கிளம்பும்போது அவர் அரை மணி நேரம் தாமதமாக வந்தார். எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். நூம்பலில் ஆரம்பித்து மீனம்பாக்கம் வரை திட்டித் தீர்த்தேன். ஏன் தாமதம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இறங்கியதும் அவர் எண்ணை பிளாக் செய்துவிட்டேன்.

இப்போது அவரிடமே கேட்க வேண்டும். இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் பிளாக்கை எடுத்துவிட்டுக் கூப்பிட்டேன். குரலைக் கேட்டதுமே தெரிந்துகொண்டார். விஷயத்தைச் சொல்லி, அந்தப் பாஸ்கள் இருக்கின்றனவா என்று கேட்டேன்.

"கீதும்மா. பாடி மேம்பாலத்தாண்ட ஸ்டாண்டுல கீறேன், வந்து வாங்கிக்க."

ஞாயிற்றுக்கிழமை, மகளையும் அழைத்துக்கொண்டு போனேன். மேம்பாலத்தடியில் லாரிகளின் ஹாரன் தாங்காமல் அவள் காதைப் பொத்தினாள். அவர் உடனே காரின் பின் கதவைத் திறந்து அவளை உட்காரவைத்து, கண்ணாடிகளை ஏற்றி ஏசி போட்டார். அவள் சீட் பெல்ட்டை மாட்டிக் கழற்றி, மாட்டிக் கழற்றி சத்தம் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் தடுக்கப் போனேன்.

"உடும்மா, தட்டிகினு இர்க்கட்டும். பெல்ட்டு இன்னா கரைஞ்சா பூடும்?"

ஆர்.சி. புத்தகத்தின் உறைக்குள்ளிருந்து ரப்பர் பேண்டு போட்ட சிறு காகிதக் கட்டை எடுத்தார். எல்லாம் இருந்தன. ஒன்றில் மட்டும் வெயிலில் எழுத்து மங்கியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் படிக்க முடிந்தது. இதை ஏன் எடுத்து வைத்தீர்கள் என்றேன்.

"பேர் போட்டு கீதேம்மா. பேர் போட்ட காயிதத்த எப்டி குப்பைல போடறது? அன்னிக்கே குடுக்கலாம்னு எட்த்து வெச்சேன். நீ பேசவே உடல."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "அன்னைக்கு ரொம்பத் திட்டிட்டேன், அண்ணா" என்றேன்.

"திட்னது நெனப்பு கீதும்மா. அதுக்கு இந்தக் காயிதம் இன்னா பண்ணும்?"

அவர் சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். சிரிக்கவில்லை.

அன்றே எல்லாவற்றையும் படமெடுத்து அனுப்பினேன். விடுமுறைக்கு நாலு நாள் முன்பு கார்டு வந்தது. விமான நிலையத்துக்கு அவர்தான் ஓட்டி வந்தார். லவுஞ்சின் ஓரத்தில் ஒரு மேசைக்கடியில் போர்வையோடு உட்கார்ந்திருந்தாள் மகள். அழவில்லை. எல்லோருக்கும் முன்னால் ஏறி, ஜன்னல் பக்கம் பெல்ட்டைத் தட்டிக்கொண்டே வந்தாள். அங்கே இறங்கியதும் அவள் அப்பா முட்டி போட்டு உட்கார்ந்தார். கட்டிப்பிடிப்பது அவளுக்குப் பிடிக்காது. அவர் தோள்பையின் பக்கிளை மெதுவாக இரண்டு முறை மாட்டிக் கழற்றினாள். அவர் அழுதுவிட்டார், நானும்தான்.

அந்தக் கார்டு எப்போதோ காலாவதியாகிவிட்டது. இப்போது யார் தாமதமாக வந்தாலும், வாயைத் திறக்கும் முன் ஏன் என்று கேட்கிறேன். முதலில் கேட்டிருக்க வேண்டிய அந்த டிரைவரிடம் மட்டும், வெட்கத்தில், இன்றுவரை கேட்கவில்லை.