டி.சி. வாங்க மாட்டேன்

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கையில், கூடப் படிக்கும் பெண்ணின் கையில் காம்பஸ் முனையால் குத்திவிட்டாள். களம்பூர் அரிசி ஆலையில் பில் போட்டுக்கொண்டிருந்த எனக்குப் பள்ளியிலிருந்து போன் வந்தது. அடுத்த பஸ்ஸில் ஆரணிக்கு ஓடினேன்.

தலைமையாசிரியை அறையில் மகள் சுவரோரம் நின்றிருந்தாள். கையில் கட்டோடு அந்தப் பெண்ணும், பட்டுத் தறி வீட்டுக்காரியான அவள் அம்மாவும் நாற்காலியில் இருந்தார்கள். என் மகளுக்கு டி.சி. கேட்கும் விண்ணப்பத்தைப் பள்ளியிலேயே எழுதி மேசைமேல் வைத்திருந்தார்கள்.

"கையெழுத்துப் போட்டுக் கூட்டினு போங்கம்மா. போலீஸ் வரைக்கும் போவாம நாங்க பாத்துக்கறோம்," என்றார் தலைமையாசிரியை.

நான் மகளிடம், "ஏன் குத்துன?" என்றேன். அதுவரை யாரும் அவளை அதைக் கேட்டிருக்கவில்லை.

"என்னப் பாத்தா தெனம் மூக்க மூடிகினு, காலனி நாத்தம்னு சொல்றாம்மா. டீச்சர்கிட்ட மூணு தபா சொன்னேன். போய் உக்காருன்னாங்க."

கதவோரம் நின்றிருந்த வகுப்பாசிரியை தரையைப் பார்த்தார்.

"பசங்க வெளையாட்டுப் பேச்சும்மா அது," என்றார் தலைமையாசிரியை.

"குத்துனது தப்பு. மன்னிப்பு கேப்பா. டி.சி. மட்டும் வாங்க மாட்டேன். எம்பொண்ணு மூணு தபா சொன்னத எங்க எழுதி வெச்சிருக்கீங்க, காட்டுங்க."

"மத்த பேரண்ட்ஸுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"எனக்கு இன்னா சொல்றீங்களோ அதையே சொல்லுங்க."

சாப்பாட்டு மணி அடித்தும் நான் அங்கிருந்து நகரவில்லை. தறி வீட்டுக்காரி தன் பெண்ணிடம் திரும்பி, "அப்டி சொன்னியாடி?" என்றாள். அவள் அழுதுகொண்டே தலையாட்டினாள். ஓங்கிய அந்த அம்மாவின் கையை எட்டிப் பிடித்தேன்.

"அடிக்காதீங்க. யார்கிட்ட கத்துக்கினான்னு கேளுங்க."

சொல்லும்போதே என் முகம் சுட்டது. பள்ளிக்குப் போகமாட்டேன் என்று முந்தின வாரம் மகள் அழுதாள். நானும் அறைந்துதான் அனுப்பினேன். காரணம் கேட்கவில்லை.

மகள் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டாள். பதிலுக்கு அவள் கேட்கவில்லை. நடந்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதி, பெற்றுக்கொண்டதாகத் தலைமையாசிரியையிடம் கையெழுத்து வாங்கினேன். விண்ணப்பத்தைத் தொடாமல் மகளை வகுப்பில் விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில், பிள்ளைகள் சொல்லும் புகாருக்கு ஒரு நோட்டு வேண்டும், அன்றைக்கே இரண்டு வீட்டாரையும் கூப்பிட வேண்டும் என்று எழுந்து பேசினேன். ஒருவர் குறுக்கிட்டார்: "குத்துனது உம்பொண்ணு. நீ எங்களுக்குப் பாடம் எடுக்கறியா?"

"ஆமாங்க. குத்துனவளோட அம்மாதான் பேசறேன். அதுக்கு முன்னாடி நடந்தத நீங்களும் கேக்கல, நானும் கேக்கல."

நோட்டு வந்தது. முதல் மாதத்திலேயே பாதி நிறைந்துவிட்டதாகவும், அது பள்ளிக்கு அவமானம் என்றும் வகுப்பாசிரியை குறைப்பட்டுக்கொண்டார். நிறையட்டும், இன்னொன்று நானே வாங்கித் தருகிறேன் என்றேன்.

அந்தப் பெண்ணும் என் மகளும் தோழிகளாகவில்லை. ஒரே வகுப்பில் பத்தாவது வரை படித்தார்கள். தறி வீட்டுக்காரி இன்றும் பஸ் ஸ்டாண்டில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். நான் திருப்பிக்கொள்வதில்லை.