முந்தின மாதிரித்தான்

நான் பொய் சொன்னேன். பொறாமையால் சொன்னேன். அதனால் ஓர் ஊரின் கிணறுகள் உப்பாயின. இதை மென்மையாக்கிச் சொல்ல வழி தேடினேன்... இல்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்து வலிகாமத்தின் கரையோரத்தில், நீர்வள அலுவலகத்துக்காக ஊருக்கு ஒரு பெண்ணாகக் கிணறுகளின் உப்பை மீற்றர் வைத்து அளந்துவந்தோம். அளவுகளை அலுவலகத்துக்கு அனுப்புவதில்லை. அவரவரே ஒப்பிட்டுப் பார்த்து, உப்புக் கூடுகிறதா, முந்தின மாதிரியா என்று மட்டும் சொல்வோம். கூட இறைத்தால் கடல்நீர் கிணறுகளுக்குள் ஏறும். அடுத்தடுத்த இரண்டு ஊர்களும் 'கூடுது' என்றால்தான் தோட்டங்களுக்கு இறைக்கும் இயந்திரங்களை நிறுத்துவார்கள். ஓர் ஊரின் சொல் தனியே செல்லாது.

மகள் பிறந்து நான் வீட்டிலிருந்த மாதங்களில் பக்கத்து ஊருக்கு இதே வேலைக்குச் சசி வந்தாள். என்னைவிட இளையவள், அவளுக்கும் ஒரு மகன். நான் திரும்பிப் போனபோது எல்லார் வாயிலும் அவள் பெயர்! "சசி சொன்னால் பிழையே வராது..." அந்த வேலையைத் தொடங்கியதே நான் அல்லவா? பிள்ளை பெற்றதில் என் புத்தி மழுங்கிவிட்டதோ? அவளும் பெற்றவள்தானே! மனதுக்குள் அவளைப் பெயர் சொல்லாமல் இளக்காரமாக 'உவள்' என்றே சொல்லிக்கொண்டேன்.

ஒரு காலை அலுவலக மேற்பார்வையாளர் மோட்டார் சைக்கிளை என் வேலிப் படலையில் நிறுத்தினார்.

"தங்கச்சி, சசி கூடுதெண்டு ஒற்றைக்காலிலை நிக்கிறா. உங்கடை பக்கம் எப்பிடி?"

என் பக்கமும் கூடியிருந்தது. நாக்குக்குத் தெரியாத உப்பு, மீற்றருக்குத் தெரிந்தது. ஆனால் நான் 'ஓம்' என்றால் அவள் சொன்னது மெய்யாகிவிடும்... என் வாயாலேயே!

"முந்தின மாதிரித்தான், சேர்."

"அப்ப அவவின்ரை மீற்றருக்கு விசர் பிடிச்சிட்டுது!" என்று சிரித்தார்.

அன்றே அவளிடமிருந்து மீற்றரை வாங்கிக்கொண்டார். அவள் வேலையும் போயிற்று. எனக்குள் ஒரு குளிர்ச்சி... அதையும் உங்களிடம் மறைக்கமாட்டேன்.

இயந்திரங்கள் தொடர்ந்து இறைத்தன. அடுத்த கோடையில் அவளுடைய ஊரின் தண்ணீர் வாயில் வைக்கமுடியாத உப்புச் சவர்.

மகனையும் குடத்தையும் இடுப்புக்கொன்றாக வைத்துக்கொண்டு சசி என் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, நான் இன்னும் வடிவாய் விளங்கப்படுத்தியிருந்தால் நம்பியிருப்பினம், என்ன? சரி, அது போகட்டும். இவனுக்குக் குடிக்க ஒரு குடம் அள்ளட்டே? உங்கடை தண்ணி நல்லம்தானே?"

மீற்றர் காட்டியது எனக்குத் தெரியுமே; என் வீட்டுக் கிணற்றிலிருந்து என் மகளுக்கு நான் ஒரு மிடறும் கொடுப்பதில்லை. கோயில் கிணற்றிலிருந்து சுமந்து வருவேன். உள்ளே அந்தத் தண்ணீர் குடம் நிறைய இருந்தது. எடுத்துக் கொடுத்திருக்கலாம்... ஏன் என்று கேட்டிருப்பாளே!

"ஓம், நல்ல தண்ணிதான். அள்ளும்" என்றேன்.

குழந்தை அங்கேயே தாயின் கையிலிருந்து குடித்தது. அந்தக் கோடை முழுவதும் அவள் வந்தாள். நானே கயிற்றை எடுத்துக் கொடுத்தேன்.