சாவுமணி போட்ட பாட்டு

கையிலிருந்த கரண்டியை அப்படியே அடுப்பு மேடையில் போட்டுவிட்டு அன்னாமேரி வாசலுக்கு ஓடிவந்தபோது, தெருவில் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். எல்லார் முகமும் மாதா கோயில் பக்கம் திரும்பியிருந்தது. மணி மூன்று அடித்து ஓய்ந்திருந்தது. அந்த ஊரில் மூன்று அடித்தால் செத்தது ஆண், இரண்டு அடித்தால் பெண். எதிர்வீட்டு செல்வகுமாரி சிலுவை போட்டுக்கொண்டு செபத்தைத் தொடங்கிவிட்டாள். இரண்டு வரி போவதற்குள் மணிச்சத்தத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு கூவலோடு பம்பைச் சத்தம் வந்தது. அதன் பின்னால் ஒரு பெண் பாடினாள்.

பாகூரு பஸ்ஸுல படியில நின்னவனே
பாத்துட்டுப் பாக்காத மாரி போனவனே

தெருமுனையில் நின்ற ஷேர் ஆட்டோவின் ஸ்பீக்கரிலிருந்துதான் அத்தனையும் வந்துகொண்டிருந்தது. பாடியது அன்னாமேரியின் மகள் மரிய சுகந்தி. கோயில் பக்கம் திரும்பியிருந்த முகங்கள் எல்லாம் இப்போது அன்னாமேரி பக்கம் திரும்பின.

"இன்னாக்கா இது, உம் பொண்ணு சாவு மணிய எடுத்துப் பாட்டுல போட்டிருக்குது?" என்றாள் செல்வகுமாரி. கேட்கும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்னாமேரிக்கு வரவில்லை. அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

சுகந்தி பாட்டுக்காரியானது யாரும் திட்டமிட்டு நடந்ததல்ல. ஞாயிறு பூசையில் பாடகர் குழுவில் பாடுவாள், அவ்வளவுதான். பி.காம் முடித்துவிட்டு புதுச்சேரியில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிற வேலைக்குப் போய்வந்தாள். வில்லியனூரில் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம். உட்கார இடம் கிடைத்தால் தூங்குவாள், கிடைக்காத நாளில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போனில் பாட்டு எழுதுவாள். அதனால்தானோ என்னவோ, அவள் பாட்டில் எல்லாரும் நின்றுகொண்டே இருந்தார்கள். உட்கார்ந்து காதலித்தவர் ஒருவர்கூட இல்லை.

பள்ளிக்கூடத்தில் கூடப் படித்த யூஜின் வில்லியனூரில் ஒரு செல்போன் கடை மாடியில் ஒலிப்பதிவு அறை வைத்திருந்தான். அறை என்றால், சுவர் முழுக்க முட்டை அட்டையும் பழைய மெத்தையும். ஃபேன் சத்தம் மைக்கில் விழும் என்பதால் பாடும்போது ஃபேன் கிடையாது. நாலு வரி பாடிவிட்டு வெளியே வந்து துப்பட்டாவைப் பிழிந்துகொண்டு மறுபடி உள்ளே போவாள். அபிஷேகப்பாக்கத்து தமிழ்க்குமரன் நடவு வேலை இல்லாத நாட்களில் பம்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பைக்கில் வருவான். மூன்று பேரும் சேர்ந்து ஆறு பாட்டுப் போட்டார்கள். ஆறையும் அவர்களும் அவர்கள் சொந்தக்காரர்களும்தான் கேட்டார்கள்.

ஏழாவதுதான் பாகூர் பஸ். அதற்கு ஒரு தொடக்கம் வேண்டும் என்று யூஜின் நச்சரித்துக்கொண்டே இருந்தான். சுகந்தி எதைக் கேட்டாலும் போனில் பிடித்துவைக்கிற பழக்கம் உள்ளவள். பஸ் விசில், ஏரி மதகில் தண்ணீர் விழுவது, கரும்பு லாரி பின்னால் போவது எல்லாம் அதில் கிடக்கும். ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டிக்கொண்டே வந்தவள், ஒன்றரை வருஷத்துக்கு முன்பு பிடித்த ஒரு மணிச்சத்தத்தைத் தட்டினாள். யூஜின் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

மூன்று மணி. மூன்றாவதின் ரீங்காரம் அடங்குகிற இடத்தில், தூரத்திலிருந்து ஒரு பெண் குரல் கூவியது. சொல் எதுவும் இல்லை. நீண்டு மேலே ஏறி, உச்சியில் உடைந்து, கீழே இறங்கியது.

"யாரு சுகி இது?"

"தெரியல. யாராவது ஆட்டக் கூப்பிட்டிருப்பாங்க. வெட்டிடு."

"வெட்டுறதா? இந்தப் பாட்டே இதுதான்," என்றான் யூஜின். மணிகளுக்கு நடுவில் இருந்த இடைவெளியைத் தாளத்துக்குத் தக்கபடி குறுக்கினான். கூவலைக் கொஞ்சம் தூக்கிவைத்தான். வேறு ஒன்றும் செய்யவில்லை.

பாட்டு பற்றிக்கொண்டது. பற்றிக்கொண்டது பாட்டல்ல, அந்தக் கூவல். பெண்கள் கல்லூரியில் படிக்கிறவர்கள், கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழர்கள், எங்கோ துபாயில் கேம்பில் இருப்பவர்கள், எல்லாரும் மூன்று மணியும் அடித்து முடியும்வரை காத்திருந்து வாயைப் பிளந்து கூவி வீடியோ போட்டார்கள். சுகந்தி துணிக்கடையை விட்டாள். ஒரு வேனைப் பேசிக்கொண்டு கடலூர், திண்டிவனம், காரைக்கால், பெங்களூர் என்று மூன்று பேரும் சுற்றினார்கள். எந்த மேடையிலும் அந்த இடம் வந்ததும் அவள் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டுவாள். ஆயிரம் பேர் கூவுவார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போகும். அந்தச் சுகத்துக்கு அவள் அடிமையாகிவிட்டாள் என்றே சொல்ல வேண்டும்.

ஊரில் முதல் பத்து நாள் ரகளைதான். கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் தலைத்துண்டை அவிழ்த்துவிட்டு நின்று, டிராக்டரில் பாட்டு என்று தெரிந்ததும் சுகந்தியின் பரம்பரையையே திட்டினார்கள். பிறகு பழகிவிட்டது. மணி கேட்டால் யாரும் வாசலுக்கு வருவதில்லை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது யாருக்கும் உறைக்கவில்லை. அந்த ஊரில் சாவுச் செய்தியை ஒரு ஆள் தனியாகப் போய்ச் சொல்லும் வழக்கம் கிடையாது. போன் வந்தால் கோயில்பிள்ளை மரியதாஸ் முதலில் மணிக்கயிற்றைத்தான் பிடிப்பார். முதலில் மூன்றோ இரண்டோ அடித்து நிறுத்துவார், பிறகு செத்தவர் வயதுக்கு ஒன்றாக நிதானமாக அடிப்பார். தெரு திரளும். விசாரித்துக்கொண்டு நாலு பெண்கள் சேர்ந்து அந்த வீட்டுக்குப் போவார்கள். கேட்கிறவள் விழுந்தால் பிடிக்க ஆள் வேண்டும் இல்லையா, அதற்குத்தான்.

ஒரு வியாழக்கிழமை மதியம் ஜோஸ்பின் வந்தாள். பின்தெருவில் பிளவுஸ் தைக்கிறவள். அவள் புருஷன் யாகப்பன் வயர்மேனாக இருந்து, வேலைக்குப் போன இடத்தில் கரண்ட் அடித்துச் செத்து இரண்டு வருஷமாகிறது. பெங்களூரிலிருந்து அன்று காலைதான் திரும்பியிருந்த சுகந்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அளவு எடுக்க வந்திருக்கிறாள் என்று நினைத்து, "வாங்கக்கா, சாப்பிடுங்க," என்றாள்.

ஜோஸ்பின் உட்காரவில்லை. "பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு எம் பொண்ணு உம் பாட்டுக்கு ஆடுறா," என்றாள்.

"ஆனி மேரியா? சொல்லவே இல்ல பாருங்க. நான் வேணா வந்து..."

"நேத்து சாயங்காலம் வூட்டுக்குள்ள ஆடிப் பாத்துக்கினு இருந்தா. நான் தெச்சிக்கினு இருக்கேன். திடீர்னு கத்துறா. எங்குரல்ல கத்துறா." ஜோஸ்பின் கழுத்தில் கிடந்த டேப்பைக் கையில் சுற்றிக்கொண்டாள். "பஸ்ல ஒரு தடவ காதுல விழுந்துச்சு. ச்சீ, இருக்காதுன்னு விட்டுட்டேன். எம் பொண்ணு வாயில வந்தப்புறம் எப்படி விடுறது? அது நான்தான் சுகி. அவரு செத்த அன்னிக்கு."

சோற்றில் இருந்த கை அப்படியே நின்றது. சுகந்திக்கு எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. அன்று காலை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மணி அடித்ததும், இன்றைக்குக் காற்று நன்றாக இருக்கிறது, சத்தம் சுத்தமாக விழும் என்று போனைக் கைப்பிடிச் சுவருக்கு மேல் நீட்டினாள். மூன்று மணியும் முடிந்ததும் நிறுத்திவிட்டுக் கீழே ஓடினாள். யாகப்பன் கூட வேலை பார்த்தவர்கள் இரண்டு பேர் பைக்கில் வந்து நின்றிருந்தார்கள். யாருக்கு மணி என்று கேட்பதற்காகப் பாத்திரம் விளக்கிய கையோடு தெருவுக்கு வந்த ஜோஸ்பின், தெரு திரள்வதற்கு முன்பே அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டிருந்தாள். சுகந்தி போய்ச் சேர்ந்தபோது அவள் தரையில் கிடந்தாள். இரண்டு நாள் அந்த வீட்டில் காபி போட்டுக் கொடுத்தது சுகந்திதான். ஆனால் கூவியது யார் என்று அவள் ஒரு நாளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஆடு என்று சொன்னாளே, அதை நினைத்ததும் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா."

"தெரிஞ்சி செஞ்சேன்னு நான் சொல்லல. ஒண்ணு மட்டும் கேக்கறேன், சொல்லு. நான் கத்துனப்ப நீ இன்னா பண்ணிக்கினு இருந்த?"

பதில் இருவருக்கும் தெரிந்திருந்தது. ஜோஸ்பின் வாசலுக்குத் திரும்பினாள். "அத எடுத்துடு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று மாலையே சுகந்தி யூஜின் முன்னால் உட்கார்ந்தாள். நாற்பது லட்சம் பேர் கேட்ட பாட்டு, எடுத்தால் நம் கதை அதோடு முடிந்தது என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான். யாருடைய குரல் என்று சொன்னாள். அவன் முகம் செத்துப் போனது. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, பாட்டைப் போட்டிருந்த தளங்களிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கினான்.

சனிக்கிழமை சாயங்காலம் பாகூரில் ஒரு இளைஞர் மன்றத்து விழா. ஒத்துக்கொண்டாகிவிட்டது, போகாமல் இருக்க முடியாது. மணியும் இல்லாமல் கூவலும் இல்லாமல், வெறும் பம்பையோடு பாகூர் பஸ்ஸைப் பாடுவதாகத் திட்டம். தமிழ்க்குமரன் குச்சியைத் தூக்கினான். அடிக்கவில்லை, அடிக்க விடவில்லை. கூட்டத்தில் யாரோ டங் என்றார்கள். எல்லாரும் சேர்ந்து டங் என்றார்கள். மூன்றாவது டங் முடிந்ததும் பெஞ்சில் இருந்த பெண்களும், வரப்போரம் பைக் மேல் ஏறி நின்ற ஆண்களும், இடுப்பில் இருந்த குழந்தைகளும் கூவினார்கள். நீண்டு, மேலே ஏறி, சரியான இடத்தில் உடைந்து, இறங்கியது. ஒரு இம்மி பிசகவில்லை. சுகந்தி மைக்கை இரண்டு கையாலும் பொத்தினாள். பொத்தினால் என்ன, சத்தம் அவள் பக்கத்திலிருந்தா வருகிறது? அவள் முகத்தைப் பார்த்து அதுவும் நடிப்பு என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கதவைத் திறக்கவே இல்லை. திங்கட்கிழமை காலை ஏழேகாலுக்கு மணி அடித்தது.

ஒன்று. சுகந்தி பல் விளக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு. நடுவில் இருந்த இடைவெளி நீளம். யூஜின் குறுக்கியது அல்ல இது, கயிறு இழுத்து அடிக்கிற மணி. மூன்று. அவள் வாசலுக்கு ஓடினாள். தெருமுனையில் பள்ளி வேனுக்குக் காத்திருந்த பிள்ளைகள், முதுகில் பையோடு, கழுத்தை உயர்த்திக்கொண்டு ஒன்றாகக் கூவினார்கள். முன்னால் நின்று கூவியது ஆனி மேரி. கையில் தண்ணீர்ப் பாட்டிலோடு பின்னாலேயே வந்த ஜோஸ்பின் மகளின் வாயைக் கையால் பொத்தினாள். தெருவில் ஒரு கதவு திறக்கவில்லை. ஒரு ஆள் வெளியே வரவில்லை.

சுகந்தி கோயிலுக்கு ஓடினாள். மரியதாஸ் கயிற்றைப் பிடித்து வயதை அடிக்கத் தொடங்கியிருந்தார். எண்ணிக்கை தப்பிவிடும் என்பதால் அவளைப் பார்க்காமலே சொன்னார். "சூசைராஜ். பெரியாஸ்பத்திரியிலேர்ந்து பையன் போன் பண்ணான். ஜனங்க வந்துட்டாங்களா?"

சூசைராஜ் செல்வகுமாரியின் புருஷன். மஞ்சள் காமாலை என்று நாலு நாளாக ஆஸ்பத்திரியில் இருந்தவர். நேற்று மாலைதான் செல்வகுமாரி, குளித்துவிட்டுக் கஞ்சி வைத்து எடுத்துப் போகலாம் என்று மகனைக் காவலுக்கு வைத்துவிட்டு வீட்டுக்கு வந்திருந்தாள்.

நாலு பெண்களையாவது கூட்டிவர வேண்டும் என்று சுகந்தி நினைத்தாள். திரும்பி ஓடினாள். வழியில் தட்டிய முதல் கதவுக்குப் பின்னால் இருந்து, "பாட்டுதான்டி, உம் பாட்டுதான்," என்று ஒரு குரல் அவளுக்கே ஆறுதல் சொன்னது. இரண்டாவது கதவைத் தட்ட அவளுக்குக் கை எழவில்லை. ஜோஸ்பின் மட்டும் எதுவும் கேட்காமல் அவள் பின்னால் வந்தாள்.

செல்வகுமாரி அப்போதுதான் கதவைத் திறந்து வாசல் பெருக்கத் தொடங்கியிருந்தாள். ஈரத் தலையில் துண்டு கட்டியிருந்தது. கஞ்சித் தூக்கு படியில் தயாராக இருந்தது. சுகந்தியைப் பார்த்ததும் நிமிர்ந்து சிரித்தாள்.

"பாத்தியா, விடிஞ்சதும் விடியாததுமா உம் பாட்டப் போட்டுட்டானுங்க. புள்ளைங்க இன்னாமா கத்துதுங்க."

சுகந்தி படியில் இருந்த கஞ்சித் தூக்கை எடுத்து ஓரமாக வைத்தாள். கோயிலில் மணி அடித்தது. நிதானமாக இன்னொன்று அடித்தது. செல்வகுமாரி இரண்டு தரம் பெருக்கினாள். மறுபடி மணி அடித்தது. துடைப்பம் நின்றது. சிரிப்பு இன்னும் முகத்தில் இருக்கும்போதே அவள் சுகந்தியையும், சுகந்தியின் பின்னால் நின்ற ஜோஸ்பினையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உம் பாட்டுல மூணுதானே அடிக்கும், சுகி?"