ஊசி தந்த தள்ளாட்டம்

1950களின் கடைசியில், சிங்கப்பூரில் பஸ் கண்டக்டராக இருந்தபோது, எனக்கு முதுகெலும்பில் காசநோய் வந்தது. மாதக்கணக்கில் மாவுக்கட்டோடு படுக்கை. தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. கட்டைப் பிரித்ததும், ஊசியைத் தொடர்ந்தபடியே, நடை பழக ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார்கள்.

அங்கிருந்த பிசியோ ஒரு தமிழர். கம்பியைப் பிடித்தால் நடந்தேன். கையை எடுத்தால் சரிந்தேன். காலில் வலு வந்துவிட்டது, தரைதான் நிற்கவில்லை.

"காலையிலயே கள்ளுக்கடைக்குப் போயிட்டு வந்தியா?" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்.

"நான் குடிக்கிறதில்லீங்க. தலை ஆடுது."

"வேலைக்குப் போக சோம்பல். உன்ன மாதிரி எத்தனை பேரப் பார்த்திருக்கேன்!"

என் சிகிச்சை அட்டையில் 'ஒத்துழைப்பதில்லை' என்று எழுதினார். அந்த மனிதரின் குரலே எனக்குப் பிடிக்காமல் போயிற்று. வீடு திரும்பும்போது சிராங்கூன் ரோட்டுக் கடைப் பலகைகள் ஒவ்வோர் அடிக்கும் குதித்தன.

ஒருநாள் குளியலறையில் முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியவன் அப்படியே விழுந்தேன். தூக்கிவிட்ட மனைவி யோசித்தாள்.

"கண்ண மூடினாத்தான் விழுறீங்க. இது சோம்பல் இல்ல."

மறுநாள் அவளும் வந்தாள். பிசியோவிடம், "இவரக் கண்ண மூடி நிக்கச் சொல்லுங்க. பின்னால நீங்களே நில்லுங்க" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே நின்றார். கண்ணை மூடினேன். முழுப் பாரத்தோடு அவர்மேல் சாய்ந்தேன். இருவரும் தரையில் கிடந்தோம். எனக்கு அதில் சந்தோஷம்தான்.

சத்தம் கேட்டு டாக்டர் வந்தார். காதில் இரைச்சல் உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். "காதுக்குள்ளதான் உடம்போட சமநிலை இருக்கு. ஊசி அதைக் கெடுத்திருக்கு. முழுசாத் திரும்பாது. கண்ணையும் பாதத்தையும் நம்பி நடக்கப் பழகணும்." அன்றே ஊசியை நிறுத்தி மாத்திரைக்கு மாற்றினார்.

பிசியோ சட்டையைத் தட்டிக்கொண்டார். அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

"அட்டையில எழுதினத அடிச்சிடுங்க" என்றேன்.

"அது ஆபீஸ் விஷயம். உனக்கு எதுக்கு?"

மேசையிலிருந்த பேனாவை எடுத்து அந்த வரியை நானே அடித்தேன். அவர் கத்தினார். நான் என் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியேறினேன்.

டாக்டர் என்னை வேறொரு பிசியோவிடம் மாற்றினார். தூரத்தில் ஒன்றைப் பார்த்தபடி நடக்க அந்தப் பெண் பழக்கினார். ஆடும் பஸ்ஸில் இனி நிற்க முடியாதென்று கம்பெனி என்னை டிப்போவில் உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு மாற்றியது.

உயிரைக் காப்பாற்றிய மருந்தின்மேல் எனக்குக் கோபமில்லை. அந்த ஆள்மேல் இன்னும் இருக்கிறது.