அம்மவாரு கேட்ட நர்சிங் சீட்டு

எங்கள் நாகலாபுரம் பக்கத்தில் காய்ச்சல்களுக்குள்ளும் மேல் கீழ் உண்டு. டெங்கு வந்தால் ரத்தப் பரிசோதனை, மாத்திரை, அவ்வளவுதான். கொரோனா வந்தபோது தெருவையே கட்டை போட்டு அடைத்தார்கள். அம்மை மட்டும் விருந்தாளி. அதை நோய் என்று சொன்னால் வாயிலேயே போடுவார்கள். 'அம்மவாரு வந்திருக்காங்க' என்று அம்மனுக்குரிய மரியாதையோடு சொல்லி, வாசலில் வேப்பிலை செருகி, குழம்புக்குத் தாளிப்பதைக்கூட நிறுத்திவிடுவோம். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு சட்டம்: அம்மை கண்டவர் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லக் கூடாது. கேட்பது அம்மவாராம்.

நான் இன்டர், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, முடித்த வருஷம் எனக்கு அம்மை வார்த்தது. திருப்பதியில் நர்சிங் படிக்கச் சீட்டு கிடைத்திருந்த நேரம். பொம்பளைப் பிள்ளைக்கு ஹாஸ்டலா என்று பெரியப்பா குதித்தார். அண்ணன் பேச்சைத் தாண்ட என் நைனாவுக்கு, அதான் அப்பாவுக்கு, வாய் வராது.

உடம்பெல்லாம் கொப்புளம், அரிப்பு உயிரை வாங்கியது. ஆனாலும் மூளை வேலை செய்தது. இளநீர் கேட்டேன், வந்தது. திராட்சை கேட்டேன், நைனா புத்தூர் வரை போய் வாங்கி வந்தார். அடடா, இத்தனை நாள் இது தெரியாமல் போச்சே! பெரியப்பா வாசலில் நின்று நலம் விசாரித்துக்கொண்டிருந்த நேரம், நைனா வேப்பங்கொத்தால் விசிறியபடி கேட்டார்.

"இன்னா வேணும் தாயே? கேளு."

"திருப்பதில நர்சிங் படிக்கணும்."

விசிறிய கை நின்றது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"டேய், இது அம்மவாரு கேக்கல. இந்தக் குட்டி கேக்குது!" வாசலில் பெரியப்பா கத்தினார்.

"அதெப்டி சொல்ற ண்ணா? நான் இல்லன்னு சொல்லி நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ பொறுப்பா?" என்றார் நைனா. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய கொஞ்ச நாளில் நைனாவுக்கு வார்த்தது. என்னிடமிருந்து ஒட்டியதுதான், வேறென்ன. இப்போது கேட்கும் அதிகாரம் அவரிடம். 'போகாதே' என்று ஒரு வார்த்தை சொன்னால் என் படிப்பு அதோடு சரி. அவர் கண்ணில் படாமல் அம்மாவிடமே இளநீரைக் கொடுத்தனுப்பினேன். பெரியப்பா தினமும் வாசலுக்கு வந்து எடுத்துக்கொடுத்தார்.

"கேளுடா. பொண்ணு வூட்டுலயே இருக்கணும்னு கேளு!"

ஒருநாள் நைனா என்னைக் கூப்பிட்டார். போய் நின்றேன். முகம் முழுக்கக் கொப்புளம்.

"பெரிப்பா வெளிய கீறாரா?"

"கீறாரு நைனா."

குரலை உயர்த்தினார். "அம்மவாருக்கு ஒரு ஆச. பொண்ணோட பெட்டியத் தூக்கினு போய், என் அண்ணனே அவள ஹாஸ்டல்ல சேத்துட்டு வரணும்."

நைனா என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்.

"ஒனக்கு மட்டுந்தான் கேக்கத் தெரியுமா?"

சிரிக்கப் போன நான் ஓவென்று அழுதுவிட்டேன்.