பாதி முடிந்த ஆர்மோனியம்

தேரடி வீதிக்குப் பக்கத்துச் சந்தில் ஆர்மோனியம் ரிப்பேர் கடை வைத்திருந்தார் அவர். நெற்றி நிறைய விபூதி. சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் ஸ்க்ரூடிரைவர்.

கடைக்கு சாஃப்ட்வேர் எழுதிக்கொடுத்தது நான்தான். வேலை முடிந்ததும் 'தயார்' பட்டனைத் தொட்டால் போதும், ஆர்மோனியப் பெட்டியைக் கொடுத்தவரின் போனுக்குத் தகவல் போய்விடும். இதை நான் பெருமையாக விளக்கிக்கொண்டிருக்கும்போது வாசலில் பைக் சத்தம். அவர் சட்டென்று ஒரு ஆர்மோனியத்தின் மூடியைக் கழற்றி, உள்ளிருந்து சுரம் எழுப்பும் ரீடு ஒன்றை உருவிக் கையில் பிடித்துக்கொண்டார். வந்த பஜனைக்காரர் தன் பெட்டி திறந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, "மெதுவா பண்ணுங்க" என்று திருப்தியோடு கிளம்பினார். ரீடு பழைய இடத்துக்கே போனது.

"அது முடிஞ்ச பெட்டியாச்சே?" என்றேன்.

"நேத்தே முடிஞ்சிடுச்சி சார். மறுநாளே குடுத்தா, இதுல என்னா பெரிய வேலைனு நினைச்சிப்பாங்க. 'பாதி முடிஞ்சுது'னு இன்னொரு பட்டன் வைங்க."

வாதாடித் தோற்றேன். பட்டனை வைத்து, அதற்கான வாசகத்தையும் நானே எழுதினேன்: 'மிக நுணுக்கமான வேலை. பாதி முடிந்துள்ளது.'

போன மாதம் என் மனைவியின் ஆர்மோனியத்தை அவரிடம் கொடுத்துவிட்டு வேங்கிக்கால் வீட்டுக்குத் திரும்பினேன். மறுநாள் காலை போனில் அதே வாசகம் வந்தது.

எழுதியவன் நான். இருந்தும் அதைப் படித்ததும், பெட்டி நல்ல கையில்தான் இருக்கிறது என்று மனசுக்கு எவ்வளவு நிம்மதி!